குதிகால் எலும்பு உடைந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாரம் சரிந்து கீழே வந்த கொத்தனார்கள், பெயிண்டர்கள், வடகம் காயவைக்க ஏணியில் ஏறித் தவறியவர்கள் என்று குதிகால் உடைந்தவர்கள் ஆண்டு முழுவதும் வருகிறார்கள். டாக்டரின் அறையில் கேட்க நினைத்து, கூச்சத்தில் விழுங்கிவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இவை குதிகால் எலும்பு முறிவுக்கு மட்டுமே உரியவை. கணுக்கால் முறிவுக்கும் விரல் முறிவுக்கும் கணக்கு வேறு.

குதிகாலில் உடைவதற்கு என்ன இருக்கிறது? கட்டியான ஒரே எலும்புதானே?

பாதத்தின் பின்பகுதியில் இருக்கும் எலும்புகளில் இதுதான் மிகப் பெரியது. ஆனால் உள்ளே கட்டி இல்லை. வெளியே மெல்லிய ஓடு, உள்ளே தேன்கூடு போன்ற பஞ்சு எலும்பு. உயரத்திலிருந்து விழும்போது உடல் எடை முழுவதும் கால் வழியாக இறங்கி, மேலே உட்கார்ந்திருக்கும் எலும்பை ஆப்பு அடிப்பதுபோல இதற்குள் அடிக்கிறது. குதிகால் எலும்பு பிளந்து, உயரம் குறைந்து, பக்கவாட்டில் அகன்றுவிடுகிறது.

இந்த இரண்டு எலும்புகளுக்கும் இடையே ஒரு மூட்டு இருக்கிறது. இந்தத் தொகுப்பில் அதை அடிமூட்டு என்றே சொல்கிறேன். பாதத்தை உள்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்ப்பது இதன் வேலை. வரப்பிலும் கல் ரோட்டிலும் தடுமாறாமல் நடப்பது இதனால்தான். குதிகால் முறிவுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று இந்த மூட்டுக்குள் போகின்றன. எலும்பு எப்படியும் கூடிவிடும். பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த மூட்டிலிருந்தே வருகிறது.

விழுந்த பிறகு நொண்டி நொண்டி நானே வீட்டுக்கு நடந்து வந்தேன். உடைந்திருந்தால் நடக்க முடியுமா? சுளுக்கு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடக்க முடிந்தவர்கள் பலர் உண்டு. அதை வைத்து உடையவில்லை என்று சொல்ல முடியாது. குதிகாலின் இரு பக்கத்தையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தும்போது உயிர் போகிற வலி, இன்னொரு குதிகாலைவிட அகலமாகத் தெரிவது, ஓரிரு நாளில் உள்ளங்காலின் நடுவில் கருநீலமாக இரத்தம் கட்டுவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். உள்ளங்காலில் பரவும் அந்த நீலம் சாதாரணச் சுளுக்கில் வராது.

தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவாதீர்கள். திண்ணை உயரத்திலிருந்து விழுந்த ஒரு பாட்டிக்கு மூன்று நாள் சுளுக்கு வழித்துவிட்டு அழைத்து வந்தார்கள். வேப்பெண்ணெய் மணக்கும் அந்தக் காலைத் தொட்டபோது தோல் நெருப்பாகக் கொதித்தது, கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்தது. எலும்பு உடைந்ததைவிட அந்தத் தோலை ஆற்றத்தான் அதிக நாள் ஆயிற்று.

விழுந்த உடனே என்ன செய்ய வேண்டும்?

காலை ஊன்ற வேண்டாம். கொலுசு, மெட்டி, செருப்பு எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தலையணையைக் காலைச் சுற்றி மடித்து, துண்டால் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழையுங்கள். ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி வையுங்கள். காயம் திறந்திருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் சொல்லாமல் விடுவது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். கால் வலியில் முதுகு வலி தெரியாது. முதுகில் சிறிதாக வலித்தாலும், காலில் மரத்துப்போன உணர்வு இருந்தாலும், சிறுநீர் போக முடியாவிட்டாலும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அப்படிப்பட்டவரைத் தூக்கி உட்காரவைக்காமல் பலகையில் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். மற்றக் குதிகாலையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இரண்டும் உடைந்தவர்களும் வருகிறார்கள்.

எக்ஸ்ரேயிலேயே உடைந்தது தெரிகிறதே, சி.டி. ஸ்கேன் எதற்கு? பணம் பிடுங்கவா?

இல்லை. இந்த முறிவுக்கு ஸ்கேன் உண்மையிலேயே தேவை. எக்ஸ்ரே பக்கவாட்டுத் தோற்றம் தரும். அதில் குதிகாலின் மேல்விளிம்பு ஒரு கோணத்தில் வளைந்திருக்கும். சாதாரணமாக 20 முதல் 40 பாகை. ஆஸ்திரிய அறுவை மருத்துவர் லோரன்ஸ் போலர் 1931-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே போலர் கோணம் என்கிறார்கள். எலும்பு நசுங்க நசுங்க இந்தக் கோணம் குறையும். மோசமானால் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

அடிமூட்டு எத்தனை துண்டாகியிருக்கிறது, துண்டுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை ஸ்கேனில்தான் பார்க்க முடியும். அதை வைத்து முதல் வகையிலிருந்து நான்காம் வகைவரை பிரிப்பார்கள். விலகாதது முதல் வகை, நான்கோ அதற்கு மேலோ துண்டுகளாகச் சிதறியது நான்காம் வகை. அறுவை சிகிச்சை வேண்டுமா, எந்த வழியில் என்ற முடிவெல்லாம் இதிலிருந்து வருகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்மிட் ஆகிப் பத்து நாளாகிறது, ஆபரேஷன் செய்யாமல் படுக்கப் போட்டிருக்கிறார்கள். எலும்பு தப்பாகக் கூடிவிடாதா? வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். இந்தக் கோபத்தில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போனவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. குதிகாலின் வெளிப்பக்கத்தில் தோலுக்குக் கீழே சதையே கிடையாது. தோல், உடனே எலும்பு. விழுந்த மறுநாள் அந்தத் தோல் பலூன்போல விம்மி, மினுமினுத்து, கொப்புளம் போட்டிருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் தையல் பிரிந்து, தோல் கருகி, சீழ் பிடித்து, உள்ளே வைத்த பிளேட் வெளியே தெரியும் நிலைகூட வரலாம்.

அதனால் வீக்கம் வடியக் காத்திருக்கிறார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது குதிகாலின் பக்கத்துத் தோலில் சிறு சுருக்கங்கள் விழ வேண்டும், அதுதான் பச்சைக்கொடி. பெரும்பாலும் 7 முதல் 14 நாளில் அந்தச் சுருக்கம் வந்துவிடும். எலும்பு தப்பாக இறுகத் தொடங்குவது ஏறத்தாழ மூன்று வாரத்துக்குப் பிறகுதான். ஆகவே பத்து நாள் தாமதமே இல்லை. சரியான ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறீர்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், உடைந்த துண்டு குதிகாலின் பின்தோலை உள்ளிருந்து முட்டி அந்த இடம் வெளுத்திருந்தால், வலி மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போய் விரலை அசைத்தாலே அலறவைத்தால், இவை மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியவை. நர்ஸைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

அந்தப் பத்து நாளும் காலைத் தூக்கி வை, தூக்கி வை என்கிறார்களே, எவ்வளவு தூக்குவது?

பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் வைப்பது போதாது. படுத்துக்கொண்டு கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு மூன்று தலையணை அடுக்கி, குதிகால் எதன் மீதும் படாமல் காற்றில் தொங்கும்படி வையுங்கள். வீட்டில் கட்டில் இருந்தால் கால்மாட்டில் இரண்டு செங்கல் கொடுக்கலாம். விரல்களை மணிக்கொரு முறை மடக்கி நீட்டுங்கள். சாப்பிடவும் கழிப்பறைக்கும் மட்டும் இறங்குங்கள்.

ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா? என் மாமாவுக்கு மாவுக்கட்டிலேயே சரியாகிவிட்டதே?

மாமாவுக்கு எந்த வகை முறிவு என்று தெரியாமல் ஒப்பிட முடியாது. எலும்பு விலகாவிட்டால் அறுவை சிகிச்சை தேவையில்லை. விலகியிருந்தால் என்ன செய்வது என்பதில் உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 2014-இல் பிரிட்டனில் 151 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வலியிலும் நடமாட்டத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. தொற்று போன்ற சிக்கல்கள் ஆபரேஷன் செய்தவர்களுக்கே அதிகம். ஆனால் குதிகால் உருக்குலைந்து போனவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை.

ஆகவே இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று பொருளில்லை. வயது, வேலை, சர்க்கரை, புகைப்பழக்கம், தோலின் நிலை, துண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. நீங்கள் கேட்க வேண்டியவை: குதிகாலின் உயரமும் அகலமும் எவ்வளவு மாறியிருக்கிறது? ஆபரேஷன் செய்யாவிட்டால் செருப்பு போட முடியுமா? பெரிய எல் வடிவ வெட்டா, கணுவுக்குக் கீழே சிறு வெட்டா, தோலில் துளையிட்டு ஸ்குரூ மட்டுமா? சிறு வெட்டில் தோல் சிக்கல் குறைவு. எல்லா முறிவுக்கும் அது போதாது.

புத்தூர் கட்டு கட்டினால் ஒரு மாதத்தில் நடக்கலாம் என்கிறார்களே?

ஆந்திரத்துப் புத்தூரின் பெயரில் நம் ஊர்களில் நூற்றுக்கணக்கான கட்டு நிலையங்கள் இருக்கின்றன. தலைமுறைகளாக மக்கள் நம்பிப் போகிறார்கள். கையில் ஏற்படும் எளிய முறிவுகள் அங்கே கூடியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அடிமூட்டுக்குள் அமுங்கிய துண்டை வெளியிலிருந்து கட்டும் எந்தக் கட்டும் தூக்கி நிறுத்தாது. வீங்கிக்கொண்டிருக்கும் பாதத்தில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று விரல்கள் கருத்துப்போகும் ஆபத்தும் உண்டு.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் விரல் நுனியை அழுத்திப் பாருங்கள். வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடியில் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலும், விரல்கள் சில்லிட்டோ மரத்தோ இருந்தாலும் கட்டை உடனே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். யாரும் திட்டுவார்கள் என்று பயந்து வீட்டில் இருக்காதீர்கள்.

நாளுக்கு நாலு பீடிதான், அதையும் விட வேண்டுமா?

விட வேண்டும். புகையிலையின் நிக்கோட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மேலே சொன்ன அந்த மெல்லிய தோலுக்கு வருவதே கொஞ்சம் இரத்தம்தான். புகைப்பவர் என்பதாலேயே ஆபரேஷனைத் தள்ளிவைக்கும் டாக்டர்கள் உண்டு. பீடிக்குப் பதில் புகையிலை மெல்வதும் அதே நிக்கோட்டின்தான். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது.

செலவுக்கு என்ன செய்வது? நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.

அடகுக் கடைக்குப் போவதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். இந்த ஆபரேஷன் அங்கே நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று தனி மேசை இருக்கும். ரேஷன் கார்டையும் ஆதாரையும் முதல் நாளே எடுத்துச் செல்லுங்கள். வீக்கம் வடியக் காத்திருக்கும் பத்து நாளில் ஒப்புதல் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

சாலை விபத்தில் உடைந்ததென்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும்.

சாரத்திலிருந்து விழுந்தேன். மேஸ்திரி செலவைப் பார்த்துக்கொள்கிறேன், மாடிப்படியில் விழுந்ததாகச் சொல் என்கிறார். சொல்லலாமா?

சொல்லாதீர்கள். அவசரப் பிரிவில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டில், நம் ஊர்ப் பேச்சில் ஏ.ஆர். காப்பி என்பதில், எங்கே எப்படி விழுந்தீர்கள் என்று என்ன எழுதுகிறார்களோ அதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் ஆதாரம். இழப்பீடு கேட்டாலும், கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் உதவித்தொகை கேட்டாலும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். மேஸ்திரி முதல் மாதம் கொடுப்பார். இந்தக் காலுக்கு ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு வருமானம் நின்றுபோகும்.

தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு இருக்கிறது. விழுவதற்கு முன்பே சேர்ந்திருந்தால்தான் பலன். உங்கள் வீட்டில் வேறு யாராவது மரம் ஏறினால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

எப்போது காலை ஊன்றலாம்? மாவுக்கட்டைப் பிரித்ததும் நடக்கலாம் அல்லவா?

நடக்கக் கூடாது. கட்டைப் பிரிப்பது ஒன்று, எடை வைப்பது வேறொன்று. எல் வடிவ வெட்டில் தையல் பிரிக்கவே ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். பொதுவாக முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் எடையே கூடாது. சிதறிய முறிவுக்குப் பத்து, பன்னிரண்டு வாரம்கூட ஆகும். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லும் தேதிதான் கணக்கு. ஊன்றினால் வலிக்கவில்லையே என்று தொடங்கிவிடாதீர்கள். வலி இல்லாமலே தேன்கூட்டு எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும்.

ஒரு இளைஞர் ஐந்தாவது வாரத்தில் தங்கை கல்யாணத்துக்காக ஊன்றுகோலை ஓரம் வைத்துவிட்டுப் பந்தியில் நின்று பரிமாறினார். ஒரு வேளைதான். அடுத்த எக்ஸ்ரேயில் ஸ்குரூ வளைந்து கோணம் சரிந்திருந்தது. அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அவர் அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

டாக்டர் 20 கிலோ எடை வை என்கிறார். காலில் தராசா இருக்கிறது?

எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை அதே உயரத்துக்குப் பலகை போட்டு வைத்து, உடைந்த காலை மெஷின் மீது வைத்து மெதுவாக அழுத்துங்கள். முள் 20-ஐத் தொடும்போது பாதத்தில் எப்படி இருக்கிறது என்று மனதில் பதிய வையுங்கள். காலையும் மாலையும் பத்து முறை செய்தால் மூன்றே நாளில் மெஷின் இல்லாமலே தெரியும். பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் வாரம் வாரம் கூட்டலாம்.

முதன்முதலில் ஊன்றும்போது உள்ளங்காலில் ஊசி குத்துவதுபோலவும் கூழாங்கல் மேல் நிற்பதுபோலவும் இருக்கும். குதிகாலின் கொழுப்பு மெத்தையும் அடிபட்டிருக்கிறது, இரண்டு மாதமாகச் சும்மா கிடந்த தோல் கூசுகிறது. எலும்பு மறுபடி உடைந்துவிட்டதாகப் பயப்பட வேண்டாம். வெறுங்காலால் சிமெண்டுத் தரையில் தொடங்காமல் மெத்தென்ற ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு போட்டுத் தொடங்குங்கள்.

மேடம், எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறைதான். எப்படிச் சமாளிப்பது?

இதைக் கேட்கவே பலர் வெட்கப்படுகிறார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, மலச்சிக்கலில் தவிப்பவர்களும் உண்டு. நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கும். சில ஊர்களில் வாடகைக்கும் தருகிறார்கள். இருக்கிற கழிப்பறைக்கு மேலேயே அதை வைத்துக்கொள்ளலாம். கதவு அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், காலில் பிளாஸ்டிக் பை கட்டி அதன் வாயை ரப்பர் பேண்டுக்குப் பதில் அகலத் துணியால் கட்டுங்கள். ஈரத் தரையில் வாக்கரின் ரப்பர் முனை தேய்ந்திருந்தால் வழுக்கும்; வாரம் ஒருமுறை அதைத் திருப்பிப் பாருங்கள்.

குந்தி உட்காருவதற்குக் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். பலருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகே வருகிறது, சிலருக்கு முழுதாக வருவதில்லை.

எடை வைக்கக் கூடாது என்கிறீர்கள், பயிற்சி செய் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படி?

எடைதான் எலும்பை அமுக்கும்; அசைவு மூட்டைக் காப்பாற்றும். காயம் ஆறி டாக்டர் அனுமதித்ததும் அசைக்கத் தொடங்க வேண்டும். நான் சொல்லிக் கொடுப்பது இது: கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். ‘இ’ எழுதும்போதும் ‘ஔ’ எழுதும்போதும் பாதம் எல்லாப் பக்கமும் திரும்பியாக வேண்டும். முட்டியை ஆட்டி ஏமாற்றக் கூடாது. பாதம் மட்டும் எழுத வேண்டும். நாளுக்கு நான்கு முறை.

பிறகு துண்டைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுப்பது, தரையில் கிடக்கும் கோலிக்குண்டுகளை விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது. முழு எடை வந்த பின் சுவரைப் பிடித்து இரு குதிகாலையும் தூக்கி இறக்குவது. கடைசியில் ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் பத்து முறை எழும்ப முடிந்த அன்று நடையில் நொண்டல் பெரும்பாலும் போயிருக்கும்.

ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் எல்லாம் எலும்பை ஒட்ட வைக்குமா?

பிடித்திருந்தால் சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் சூப்பில் கால்சியம் குறைவு. எலும்புக்குத் தேவை கால்சியமும் புரதமும் வைட்டமின் டி-யும்: கேழ்வரகு, எள், பால், தயிர், முட்டை, பருப்பு, நெத்திலிக் கருவாடு, முருங்கைக்கீரை, காலை வெயில். இரண்டு மாதம் படுத்திருக்கும்போது உடல் எடை ஏறினால் அந்தச் சுமையையும் இதே குதிகால்தான் தாங்க வேண்டும். சோற்றைக் குறைத்து முட்டையைக் கூட்டுங்கள்.

ஆறு மாதமாகியும் சாயங்காலமானால் வீங்குகிறது. உள்ளே ஏதோ கெட்டுப்போய்விட்டதா?

காலையில் வடிந்து மாலையில் ஏறும் வீக்கம் ஓராண்டுவரைகூட இருக்கும். அது இயல்பு. பாதத்தின் வெளி ஓரத்தில் மரத்துப்போன பட்டை ஒன்று இருப்பதும் அப்படியே. வெட்டுக்கு அருகில் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், பலருக்கு மெதுவாகத் திரும்பும்.

இயல்பல்லாதவை வேறு. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக வீங்கி வலித்தால் உள்ளே ஓடும் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108. தையலிலிருந்து நீர் வடிதல், நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றே டாக்டர். போர்வை பட்டாலே எரிந்து, தோல் நிறம் மாறி, ஒரு நேரம் சுட்டு ஒரு நேரம் சில்லிட்டு, வியர்த்தால் அது நரம்பு சார்ந்த தனி வலி நோய். சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டுப்படுத்தலாம். நடிக்கிறான் என்று வீட்டார் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருக்க வேண்டாம்.

பைக் எப்போது ஓட்டலாம்?

ஊன்றுகோல் இல்லாமல், நொண்டாமல் நடக்க முடிந்த பிறகு. வலது கால் என்றால் பிரேக்கைச் சட்டென்று முழுப் பலத்தோடு மிதிக்க முடிய வேண்டும். நின்ற வண்டியில் உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள். இடது கால் என்றால் சிக்னலில் வண்டியின் எடையை அந்தக் கால் தாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் யாரையும் நான் அனுப்புவதில்லை.

உள்ளே இருக்கும் பிளேட்டை எடுக்க வேண்டுமா?

தொல்லை தராவிட்டால் வேண்டாம். ஸ்குரூ தலை செருப்பில் உரசினாலோ தசைநாரை அறுத்தாலோ ஓராண்டுக்குப் பிறகு எடுப்பார்கள். மழைக்காலத்தில் வலிப்பதற்கு மட்டும் அதை எடுக்கச் சொல்லாதீர்கள். மறுபடியும் அதே தோலில்தான் வெட்ட வேண்டும்.

ஒன்றரை ஆண்டாகிறது. சமதரையில் நன்றாக நடக்கிறேன், தோட்டத்துக்குள் போனால் வலி கொல்கிறது. ஏன்?

முதல் கேள்வியில் சொன்ன அடிமூட்டுதான் காரணம். சமதரையில் அதற்கு வேலை குறைவு. உழுத மண்ணிலும் வரப்பிலும் ஒவ்வோர் அடிக்கும் அது சாய வேண்டும். அதன் வழவழப்பு போய்விட்டதால் எலும்பும் எலும்பும் தேய்கின்றன. கணுவைத் தாங்கும் உயரமான பூட்ஸ், உள்ளே மெத்தை, தசைப் பயிற்சி, தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஊசி என்று முதலில் பார்ப்பார்கள். எதற்கும் அடங்காவிட்டால் அடிமூட்டை அசையாமல் இணைத்துவிடும் ஆபரேஷன் இருக்கிறது. பாதம் பக்கவாட்டில் சாயாது, ஆனால் கணுக்கால் மேலும் கீழும் மடங்கும். வலி குறைந்து மறுபடி வயல் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். விழுந்த நொடியிலேயே மூட்டின் மேல்பரப்பு நசுங்கியிருந்தது.

வலி குதிகாலின் வெளிப்பக்கத்தில், கணுமுட்டிக்குக் கீழே மட்டும் இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். அகன்ற எலும்பு தசைநார்களை நெருக்குவதும் உண்டு. விரலால் இடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டுங்கள், டாக்டருக்குப் பாதி வேலை முடியும்.

ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமா?

பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் தேவை. ஒற்றைக் குதிகால் முறிவு மட்டும் பலருக்கு அந்த அளவை எட்டுவதில்லை. இரண்டு குதிகாலும் உடைந்தவர்களும், முதுகெலும்பும் அடிபட்டவர்களும் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். சிகிச்சை முடிந்து நிலைமை மாறாமல் நின்ற பிறகு மருத்துவக் குழு பார்க்கும்.

மறுபடி மரம் ஏற முடியுமா? எனக்கு வேறு தொழில் தெரியாது.

மறுபடி ஏறியவர்கள் உண்டு. ஆனால் மரத்தைப் பிடிக்கப் பாதம் உள்பக்கம் சாய வேண்டும். அது அடிமூட்டின் வேலை. மூட்டுக்குள் சிதறிய முறிவு என்றால் பழைய பிடி வருவது கடினம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கால் வைத்து மிதிக்கும் ஏறு கருவியில் பாதம் தட்டையாக நிற்பதால் சிலரால் முடிகிறது. உட்கார்ந்து செய்யும் வேலை நான்கைந்து மாதத்தில், நின்று செய்யும் வேலை ஆறு முதல் ஒன்பது மாதத்தில், ஏணியும் மரமும் ஓராண்டுக்கு முன் வேண்டாம். இதை மூன்றாவது மாதமே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஓராண்டு கழித்துத் தெரிந்தால் கடன் மலையாகியிருக்கும்.

என் வீட்டுக்காரர் யாரோடும் பேசுவதில்லை, இரவில் தூங்குவதில்லை. கால் வலி என்கிறார். கால் வலி மட்டும்தானா?

அநேகமாக இல்லை. நாற்பது அடி மரம் ஏறி இறங்கியவர், தண்ணீர்ச் செம்புக்கும் மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. விழுந்த அந்த நொடி கண்ணை மூடினால் வந்து நிற்கிறது என்று பலர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இருந்தால், சாவைப் பற்றிப் பேசினால், எலும்பு டாக்டரிடமே சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவ உதவி எண் 104-ஐ அழைத்தும் பேசலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. கட்டிலை உள்ளறையிலிருந்து திண்ணைப் பக்கம் மாற்றுங்கள். தெருவில் போகிறவர்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். வெங்காயம் உரிப்பது, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்ப்பது, கூலிக் கணக்கு எழுதுவது என்று அவர் கையால் செய்யக்கூடிய வேலைகளை அவரிடம் கொடுங்கள். அடுத்த முறை பயிற்சிக்கு வரும்போது நீங்களும் கூடவே வாருங்கள். அவர் உயிரெழுத்து எழுதும்போது எதிரே உட்கார்ந்து பாருங்கள்.